ரூட்டரை மாற்றினேன், நெட் போச்சு! – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, புது ரூட்டர் மாட்டியதும் இணைப்பு போய்விட்டது என்ற புலம்பல். மீதிப் பாதி, மாட்டுவதற்கு முன்பே பயந்துபோய்க் கேட்டவை. பலர் ஒன்றையே கேட்டிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பழைய ரூட்டர் செத்துவிட்டது. புதிது வாங்கி அதே ஒயரை அதே மாதிரி செருகினேன். லைட் எல்லாம் எரிகிறது. போனில் வைஃபை முழுசாகக் காட்டுகிறது. ஆனால் ‘இன்டர்நெட் இல்லை’ என்கிறது. புது ரூட்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. போனிலிருந்து ரூட்டர் வரைக்கும் ஒரு பாதை, ரூட்டரிலிருந்து சேவை நிறுவனம் வரைக்கும் இன்னொரு பாதை. வைஃபை குறி காட்டுவது முதல் பாதையை மட்டும். இரண்டாவது பாதையில் போய் நிற்கிற புதுப் பெட்டியை நிறுவனத்தின் கருவிக்கு யாரென்று தெரியவில்லை. அதனால் உள்ளே விடவில்லை.

பணம் கட்டுவது நீங்கள்தான் என்றாலும், அந்தப் பக்கத்தில் உங்களை அடையாளம் காட்டுவது வேறு ஏதோ ஒன்று. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். நடைமுறையில் நான்கு விதம் உண்டு.

யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் இணைப்பு ஒன்று. இதற்கு பிபிபிஓஇ என்று பெயர். பழைய ரூட்டருக்குள் யாரோ ஒரு டெக்னீஷியன் என்றைக்கோ அடித்துவைத்துப் போயிருப்பார். வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. புது ரூட்டரில் அதே இரண்டையும் அடித்தால் போதும்.

இரண்டாவது, மேக் முகவரி. ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படும் 12 இலக்க அடையாளம் இது. 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதியிருக்கும். பழைய ரூட்டரின் மேக் முகவரியை நிறுவனம் கணக்கில் ஏற்றி வைத்திருந்தால், வேறு முகவரியோடு வருகிற எதற்கும் ஐபி (நெட்டில் கருவிக்குக் கொடுக்கப்படும் எண் முகவரி) கிடைக்காது.

மூன்றாவது, ஃபைபர் பெட்டியின் சீரியல் எண். ஒளி இழை நேராக வந்து செருகப்படுகிற பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். பலர் அதையும் மோடம் என்றே சொல்கிறார்கள். அந்தப் பெட்டியை மாற்றினால் பதிவையும் மாற்றியாக வேண்டும்.

நான்காவது, வருகிற லைனே அடையாளம். மறுமுனையில் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள். இங்கே எந்த ரூட்டரைச் செருகினாலும் ஓடும். இப்படி இணைப்பு அமைந்தவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

இவை ஒன்றோடொன்று கலந்தும் வரும். ஃபைபர் பெட்டி சீரியல் எண்ணால் பதிவாகி, அதற்கு மேல் பிபிபிஓஇ யூசர்நேமும் கேட்கும் இணைப்புகள் நிறைய.

உங்களுடையது எது என்று அறிய, புது ரூட்டரின் பக்கத்தைத் திறந்து இன்டர்நெட் நிலையைப் பாருங்கள். பக்கத்தின் முகவரி ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும்; பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. இன்டர்நெட் போர்ட்டில் லிங்க் இருந்தும் ஐபி இடத்தில் 0.0.0.0 என்று நின்றால், ரூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறது, பதில் வரவில்லை என்று பொருள். பிறகு சேவை மையத்தைக் கூப்பிட்டு ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்ற பதில்தான் வரும். ‘ரூட்டரை மாற்றியிருக்கிறேன். என் இணைப்பு பிபிபிஓஇயா, டிஹெச்சிபியா? மேக் பைண்டிங் இருக்கிறதா? விலேன் எண் ஏதும் போட வேண்டுமா?’ என்று கேளுங்கள். டிஹெச்சிபி என்பது யூசர்நேம் கேட்காமல் ஐபியைத் தானாகக் கொடுக்கும் முறை; விலேன் எண் என்ன என்பது அடுத்த பதிலில் வருகிறது. இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் நீங்களே முடித்துவிடலாம்.

கேள்வி: என் பழைய ரூட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் குறித்துவைக்க வேண்டும்?

பதில்: சரியான நேரத்தில் கேட்டீர்கள். பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போது பத்து நிமிடம் செலவழித்தால் பிறகு அலைச்சல் இருக்காது.

பழைய ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இன்டர்நெட் அமைப்பு, வைஃபை அமைப்பு, லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) அமைப்பு மூன்றையும் போனில் படம் பிடியுங்கள். கையால் எழுதினால் பூஜ்யமும் ஓ எழுத்தும் மாறிப்போகும். இன்டர்நெட் அமைப்பில் தேவையானவை: இணைப்பு வகை, யூசர்நேம் (@ குறிக்குப் பின்னால் வருவதோடு சேர்த்து), விலேன் எண், எம்டியு (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு), டிஎன்எஸ் முகவரிகள், இன்டர்நெட் பக்கத்தின் மேக் முகவரி. நிலையான ஐபி வாங்கியிருந்தால் ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே ஆகியவையும்.

இந்த விலேன் எண்ணைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே லைனில் இன்டர்நெட், தொலைபேசி, டிவி மூன்றும் வரும்போது நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துப் பிரித்திருக்கும். 1 முதல் 4094 வரை எதுவாகவும் இருக்கலாம். யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் சரியாக இருந்தும் இந்த எண் இல்லாவிட்டால் புது ரூட்டரின் குரல் மறுமுனைக்குக் கேட்கவே கேட்காது. ரூட்டர் வாங்கும் முன், அதன் இன்டர்நெட் போர்ட்டில் விலேன் எண் போட வசதி உண்டா என்று பார்த்துவிடுங்கள். மலிவான சில மாடல்களில் இல்லை.

பாஸ்வேர்டு மட்டும் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதற்காக மெனக்கெட வேண்டாம். கழற்றுவதற்கு முதல் நாளே சேவை மையத்தில் சொல்லிப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பாஸ்வேர்டைப் பழைய ரூட்டரிலேயே ஒருமுறை அடித்து இணைப்பு வருகிறதா என்று பார்த்த பிறகு கழற்றினால், பாஸ்வேர்டு சரிதான் என்ற நிச்சயத்தோடு புதிதை மாட்டலாம்.

பேக்கப் ஃபைலை எடுத்துப் புதிதில் ஏற்றலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். அதே நிறுவனத்தின் அதே மாடலாக இருந்தால் பலிக்கும். மாடல் மாறினால் ஏற்காது, ஏற்றுக்கொண்டாலும் தொல்லைதான்.

லேன் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பிரிண்டர், கேமரா போன்றவற்றுக்கு நிலையாக ஓர் ஐபி ஒதுக்கியிருந்தால், புது ரூட்டரையும் அதே வரிசைக்கு மாற்றிவிடுங்கள். பழையது 192.168.1 வரிசையிலும் புதியது 192.168.0 வரிசையிலும் இருந்தால், நெட் வந்த பிறகும் பிரிண்டர் மட்டும் அடம்பிடிக்கும்.

கேள்வி: யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்று முறை சரிபார்த்து அடித்தேன். இணையவில்லை. வெறுத்துப்போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் தானாகவே வந்துவிட்டது. இது என்ன மாயம்?

பதில்: பழைய ரூட்டரின் ஒயரைச் சட்டென்று பிடுங்கியிருப்பீர்கள். அது விடைபெறாமல் போனதால், மறுமுனையின் சர்வர் அந்தப் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. பெரும்பாலான கணக்குகளில் ஒரே நேரத்தில் ஓர் இணைப்புக்குத்தான் அனுமதி. அதனால் அதே யூசர்நேமோடு வந்த புது ரூட்டரைத் திருப்பி அனுப்பியது. சர்வர் அவ்வப்போது ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பார்க்கும். பல முறை பதில் வராவிட்டால் பழைய இணைப்பை அழிக்கும். இதற்குச் சில நிமிடமும் ஆகலாம், அரை மணி நேரமும் ஆகலாம்.

பழைய ரூட்டரின் பக்கத்தில் ‘டிஸ்கனெக்ட்’ பட்டனை அழுத்திவிட்டு, பிறகு மின்சாரத்தை நிறுத்திக் கழற்றினால் இந்தக் காத்திருப்பே வேண்டாம். அவசரமாக இருந்தால் சேவை மையத்தில் ‘பழைய செஷனை கிளியர் செய்யுங்கள்’ என்று சொன்னால் அவர்கள் பக்கத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள். தொடர்ந்து தவறாக முயன்றால் சற்று நேரத்துக்குக் கணக்கையே பூட்டிவைக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே விடாமல் ‘கனெக்ட்’ பட்டனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ரூட்டர் என்ன சொல்லி மறுக்கிறது என்பதைக் கவனியுங்கள், காரணம் அதிலேயே இருக்கும். ‘அங்கீகாரம் தோல்வி’ என்று வந்தால் சர்வர் வரை போய்விட்டீர்கள். குற்றம் யூசர்நேம், பாஸ்வேர்டு, அல்லது பழைய செஷன். ‘சர்வரிடமிருந்து பதில் இல்லை’ என்று வந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பயனில்லை. விலேன் எண், ஒயர், மேக் பைண்டிங் இவற்றில் ஒன்று. ‘சர்வீஸ் நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். நிறுவனம் சொல்லாவிட்டால் அதைக் காலியாக விடுங்கள். அங்கே நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு விழிப்பவர்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த யூசர்நேமை அப்படியே காப்பி செய்து ஒட்டினால், கடைசியில் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். அதையும் பாருங்கள்.

கேள்வி: எங்கள் இணைப்பில் யூசர்நேம் எதுவும் கிடையாது. பழைய ரூட்டரில் வருகிறது, புதிதில் வரவில்லை. லேப்டாப்பில் ஒயரை நேராகச் செருகிப் பார்த்தேன், அதிலும் இல்லை. ‘மேக் குளோன்’ என்று ஒரு வசதி இருக்கிறதாமே?

பதில்: உண்டு. புது ரூட்டரின் இன்டர்நெட் அமைப்பிலோ, உயர்நிலை அமைப்புகளிலோ ‘மேக் குளோன்’ என்று இருக்கும். அதில் பழைய ரூட்டரின் மேக் முகவரியை அடித்துச் சேமித்தால், புதியது பழையதன் பெயரிலேயே போய் நிற்கும். மறுமுனைக்கு வித்தியாசம் தெரியாது.

எந்த மேக் முகவரியை அடிப்பது என்பதில்தான் சறுக்கல். ஒரு ரூட்டருக்குள் மூன்று நான்கு மேக் முகவரிகள் இருக்கும்: இன்டர்நெட் பக்கத்துக்கு ஒன்று, லேன் பக்கத்துக்கு ஒன்று, வைஃபையின் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒன்று. பெரும்பாலும் கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும். ஸ்டிக்கரில் அச்சாகியிருப்பது லேன் பக்கத்து முகவரியாக இருக்கலாம். நிறுவனத்தில் பதிவாகியிருப்பதோ இன்டர்நெட் பக்கத்து முகவரி. பழைய ரூட்டர் இன்னும் ஆன் ஆகுமானால், அதன் பக்கத்தில் இன்டர்நெட் நிலை என்ற இடத்திலிருந்து எடுங்கள். ஆன் ஆகாவிட்டால் ஸ்டிக்கர் எண்ணை முயன்று, பிறகு கடைசி இலக்கத்தை ஒன்று கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் இங்கே எண்தான், 9க்கு அடுத்தது ஏ.

லேப்டாப்பைச் செருகிச் சோதித்தீர்கள் அல்லவா, அதுவே சில இணைப்புகளில் புதுச் சிக்கலைக் கிளப்பிவிடும். கேபிள் மோடம்கள் பலவும், ஆன் ஆனதும் முதலில் பார்க்கிற ஒரு கருவியின் மேக் முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் எதைச் செருகினாலும் கண்டுகொள்ளாது. லேப்டாப்பைச் செருகிய பிறகு ரூட்டரைச் செருகினால், மோடம் இன்னும் லேப்டாப்பையே தேடிக்கொண்டிருக்கும். ஆகவே எதை மாற்றினாலும் இந்த வரிசையில் செய்யுங்கள்: மோடம், ரூட்டர் இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். மோடத்துக்குள் பேட்டரி இருந்தால் அதையும் எடுங்கள். ஐந்து நிமிடம் போகட்டும். ஒயரைப் புது ரூட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் (‘வேன்’ என்றும் எழுதியிருக்கும், நிறம் மாறியிருக்கும்) செருகுங்கள். மோடத்தை மட்டும் ஆன் செய்து லைட்டுகள் நிலையாக நிற்கும்வரை காத்திருங்கள். கடைசியாக ரூட்டர்.

நிறுவனத்தின் கருவியிலும் இதே மாதிரி ஒரு லீஸ் கணக்கு உண்டு; லீஸ் என்பது ஓர் ஐபியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு கருவிக்கு ஒதுக்குவது. ஒரு வீட்டுக்கு ஒரு ஐபி என்றால், முந்தைய கருவிக்குக் கொடுத்த லீஸ் முடியும்வரை அடுத்ததற்குக் கிடைக்காமல் போகலாம். பழைய ரூட்டரைக் கழற்றும் முன் ‘ரிலீஸ்’ பட்டனை அழுத்தினால் அது உடனே விடுபடும்.

சில நிறுவனங்களில் புது மேக் முகவரியைக் கண்டதும் உங்களை ஒரு பதிவுப் பக்கத்துக்குத் திருப்புவார்கள். வாடிக்கையாளர் எண்ணை அடித்தால் புதுக் கருவி பதிவாகும். இன்று பெரும்பாலான தளங்கள் பூட்டுக் குறியோடு வருவதால், திருப்பிவிடுவதற்குப் பதிலாக ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்ற எச்சரிக்கையே பல நேரம் தெரியும். நிறுவனத்தின் பதிவுப் பக்கத்து முகவரியைக் கேட்டு நேராக அடியுங்கள். பதிந்ததும் ரூட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் சரியான ஐபி வரும்.

குளோன் செய்து நெட் வந்துவிட்டால் அதோடு விட்டுவிடலாமா? விடலாம். ஆனால் எங்கள் யோசனை, சாவகாசமாக ஒரு நாள் கூப்பிட்டுப் புது ரூட்டரின் உண்மையான மேக் முகவரியைப் பதியச் சொல்லிவிட்டுக் குளோனை நீக்குங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து ரூட்டரை ரீசெட் செய்யும் நாளில் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. குளோன் இருக்கும்போது, அந்தப் பழைய ரூட்டரை மாடியில் வைஃபை நீட்டிப்புக்கு என்று அதே நெட்வொர்க்கில் மாட்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: ஃபைபர் பெட்டியையே நான் சொந்தமாக வாங்கி மாட்டலாமா? மாட்டிப் பார்த்தேன், சிவப்பு லைட் எரிகிறது.

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல். முதலில் சிவப்பு லைட்.

சிவப்பில் எரியும் ‘லாஸ்’ விளக்கு, ஒளியே வந்து சேரவில்லை என்கிறது. இதற்கும் பதிவுக்கும் சம்பந்தமில்லை. ஃபைபர் ஒயரைக் கழற்றி மாட்டும்போது மூன்று தவறுகள் நடக்கின்றன. இணைப்பான் முழுதாக உள்ளே போய் ‘க்ளிக்’ என்று பிடிக்காமல் விடுவது. ஒயரை விரல் தடிமனுக்கும் குறைவாக மடித்துவிடுவது; உள்ளே இருப்பது கண்ணாடி இழை, மடிப்பில் ஒளி கசிந்துவிடும். மூன்றாவது, பச்சை முனையை நீல முனையோடு செருகுவது. பச்சை இணைப்பானின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீலத்தின் முகம் நேரானது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் முகங்கள் பொருந்தாமல் ஒளி வீணாகும், முனையும் கீறல் விழும். பச்சைக்குப் பச்சைதான். முனையை விரலால் தொடாதீர்கள். ஒளி வந்துகொண்டிருக்கிற ஒயரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

பெட்டியின் பக்கத்தில் ஒளியின் அளவு டிபிஎம் கணக்கில் இருக்கும், எப்போதும் மைனஸில். ஜிபான் என்ற பரவலான ஃபைபர் முறையில் ஓடும் பெட்டிகள் −8 முதல் −27 வரை ஏற்கும். −15க்கும் −25க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. −27ஐ ஒட்டி நின்றால் சில நாள் வரும், சில நாள் வராது. 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். எனவே −20ஆக இருந்தது −26 ஆனால், நான்கில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கிறது.

இனி பதிவு. சிவப்பு அணைந்து, ‘பான்’ லைட் மின்னிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பெட்டியை ஏற்கவில்லை. நிலையாக எரிந்தால் பதிவாகிவிட்டது. ஒரே இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரித்திருப்பார்கள். எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரே இழையில், தனக்கு ஒதுக்கிய நொடித்துணுக்கில் மட்டும்தான் பேச வேண்டும். முறைதவறிப் பேசுகிற ஒரு பெட்டி மொத்தத் தெருவின் இணைப்பையும் கெடுத்துவிடும். அதனால்தான் சீரியல் எண் பதிவில்லாத பெட்டியை உள்ளே விடுவதில்லை. வெளியில் வாங்கியதைப் பதிய மறுக்கும் நிறுவனங்களும் அதனால்தான் மறுக்கின்றன.

ஏற்கும் நிறுவனமாக இருந்தால் மாடல் பெயரோடு சீரியல் எண்ணைக் கொடுங்கள். ஜிபான் சீரியல் 12 எழுத்து: முதல் நான்கும் தயாரிப்பாளரின் குறி, அடுத்த எட்டும் எண். சில பெட்டிகளின் பக்கத்தில் அது 16 இலக்கமாகத் தெரியும். முதல் நான்கு எழுத்துகளையும் எண் வடிவத்துக்கு மாற்றி எட்டு இலக்கமாக எழுதியிருப்பதே காரணம். இரண்டும் ஒன்றுதான், கடைசி எட்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். அட்டைப்பெட்டியில் இருக்கும் வேறொரு சீரியல் எண்ணைக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பவர்கள் அநேகம். சீரியலோடு ‘எல்ஓஐடி’ என்ற அடையாளமோ, 10 எழுத்து வரையிலான ஒரு கடவுச்சொல்லோ தேவைப்படும் இணைப்புகளும் உண்டு. அதை அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

எங்களைக் கேட்டால், ஃபைபர் பெட்டியை நிறுவனத்துடையதாகவே விட்டுவிட்டு, அதன் பின்னால் உங்களுக்குப் பிடித்த ரூட்டரை வைப்பதே புத்திசாலித்தனம். பதிவு கலையாது, லைன் கெட்டால் ‘உங்கள் பெட்டிதான் காரணம்’ என்று தட்டிக்கழிக்கவும் முடியாது.

கேள்வி: அப்படித்தான் நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் புது ரூட்டரை வைத்தேன். நெட் வருகிறது, ஆனால் கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. விளையாட்டுகளில் ‘கண்டிப்பான நேட்’ என்று வருகிறது.

பதில்: இரண்டு ரூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முகவரி மாற்றிக்கொண்டிருக்கின்றன; இந்த முகவரி மாற்றத்துக்குத்தான் நேட் என்று பெயர். வெளியிலிருந்து வருகிற அழைப்பு முதல் பெட்டியோடு நின்றுவிடுகிறது.

எளிய வழி, புது ரூட்டரை வைஃபை மட்டும் கொடுக்கிற ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுவது. பெரும்பாலான ரூட்டர்களில் இதற்கு ஒரே தேர்வு இருக்கிறது. இல்லாவிட்டால் அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, லேன் முகவரியை முதல் பெட்டியோடு மோதாமல், உதாரணமாக 192.168.1.2 என்று மாற்றி, ஒயரை இன்டர்நெட் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். நல்ல வைஃபை கிடைக்கும். பதிவு, பாஸ்வேர்டு எல்லாம் பழைய பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும். வைஃபை போதவில்லை என்பதற்காக ரூட்டர் வாங்கிய வீடுகளுக்கு இதுவே போதும்.

புது ரூட்டரே முழுப் பொறுப்பையும் எடுக்க வேண்டுமென்றால் நிறுவனத்தின் பெட்டியை, இணைப்பை அப்படியே கடத்திவிடுகிற ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றச் சொல்ல வேண்டும். அதன் பிறகு பிபிபிஓஇ யூசர்நேம் புது ரூட்டரில்தான் இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். பிரிட்ஜ் ஆனதும் அந்தப் பெட்டியின் வைஃபை பெரும்பாலும் நின்றுவிடும்.

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒன்று. முதல் பெட்டியின் இன்டர்நெட் ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது. பிரிட்ஜ் போட்டாலும் கேமரா தெரியாது. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: ரூட்டரை மாற்றிய பிறகு வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டது.

பதில்: அந்த போன் நிறுவனத்தின் பெட்டிக்குள் இருந்த தனிக் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கின் விவரத்தை வாடிக்கையாளருக்குக் கொடுப்பது அரிது. தொலைபேசி வேண்டுமென்றால் அவர்கள் பெட்டியை லைனில் விட்டுவைத்து, உங்கள் ரூட்டரை அதன் பின்னால் வையுங்கள்.

கேள்வி: பின்புறம் இருந்த சிறு துளையில் குண்டூசியால் குத்திவிட்டேன். ரீஸ்டார்ட் ஆகும் என்று நினைத்தேன். இப்போது எல்லாம் போய்விட்டது.

பதில்: அது ரீசெட். பத்து விநாடி அழுத்தினால் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். யூசர்நேம், விலேன், வைஃபை பெயர் எல்லாம் அழியும். மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுப்பதுதான் ரீஸ்டார்ட், அதில் எதுவும் அழியாது.

நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் பதறாதீர்கள். சீரியல் எண் அழிவதில்லை, ஆகவே அதை வைத்துச் செய்த ஃபைபர் பதிவு அப்படியே இருக்கும். பல நிறுவனங்கள் தொலைவிலிருந்தே அமைப்புகளை மீண்டும் ஏற்றிவிடும். டிஆர்-069 என்ற முறை அதற்குத்தான். லைனைச் செருகி, பெட்டியைத் தொடாமல் ஒரு கால்மணி நேரம் விட்டுப் பாருங்கள். வராவிட்டால் கூப்பிட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். சொந்த ரூட்டர் என்றால் நீங்களேதான் அடிக்க வேண்டும்.

கேள்வி: வைஃபைக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே வைக்கலாமா? வீட்டில் இருபது கருவிகள் இருக்கின்றன.

பதில்: தாராளமாக. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி எல்லாம் அச்சு மாறாமல் அடித்தால் கருவிகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

பழைய கருவி ஒன்றிரண்டு வராமல் போனால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புது ரூட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று அமைந்திருந்தால், 2018க்கு முன் வந்த கருவிகள் பலவற்றால் நுழைய முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறைக்கு மாற்றுங்கள். அதிலும் வராத முரட்டுக் கருவிக்கு விருந்தினர் வைஃபை ஒன்றை டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துத் திறந்துகொடுக்கலாம். ஸ்மார்ட் பல்பு, பழைய கேமரா போன்றவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். அந்த அலைவரிசையை அணைத்துவிடாதீர்கள்.

மேக் முகவரியை வைத்துக் கருவிகளை அனுமதிக்கும் பட்டியல் வைத்திருந்தால் ஒரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஸ்டிக்கரிலோ பெட்டியிலோ உள்ளதை அடித்துப் பயனில்லை. அந்த வைஃபைக்கு மட்டும் போனில் அந்த வசதியை நிறுத்துங்கள்.

கேள்வி: சில தளங்கள் பறக்கின்றன, சில தளங்கள் பாதியில் நிற்கின்றன. பழைய ரூட்டரில் இப்படி இல்லை.

பதில்: பிபிபிஓஇ இணைப்பா? அப்படியானால் எம்டியுவைப் பாருங்கள். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட். பிபிபிஓஇ தன் உறைக்கு 8 பைட் எடுத்துக்கொள்ளும், மீதி 1492. ரூட்டரில் 1500 என்று இருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் சிக்கும். சின்னப் பொட்டலங்கள் போய்விடும். தளத்தின் தலைப்பு வந்து படம் வராமல் நிற்பது அதனால்தான். 1492 என்று மாற்றி மறுபடி இணையுங்கள். சோதிக்க வேண்டுமானால், கணினியின் பிங் கட்டளையில் ‘துண்டாக்காதே’ என்ற குறியோடு 1464 அளவு கொடுங்கள். தலைப்புக்கான 28ஐச் சேர்த்தால் அது 1492. அது போய், 1465 போகவில்லை என்றால் அளவு சரி.

கேள்வி: 200 எம்பிபிஎஸ் திட்டம். புது ரூட்டரில் 94க்கு மேல் ஏறவில்லை.

பதில்: 94 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது: எங்கோ ஓரிடத்தில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. ரூட்டரின் போர்ட் கிகாபிட்தானா என்று பாருங்கள். ஆம் என்றால் குற்றம் ஒயரில். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும்; 100க்கு நான்கு போதும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேட்5இ ஒயர் புதிதாக ஒன்று மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய ரூட்டரின் அடாப்டரைப் புதிதற்குப் போடலாமா?

பதில்: வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கிற ரூட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் சரி, 12 வோல்ட் 1 ஆம்பியர் தப்பு. குறைந்தது போட்டால் ஆன் ஆகும். நாலு பேர் ஒன்றாக வீடியோ பார்க்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். லைன் கோளாறு என்று புகார் கொடுப்பீர்கள். பின்னின் நடுப்பகுதி பிளஸ்தானா என்று இரண்டு ஸ்டிக்கரிலும் உள்ள வட்டக் குறியை ஒப்பிடுங்கள். பின் உள்ளே போய் ஆடினால் துளை அளவு வேறு: 2.1 மில்லிமீட்டரும் 2.5 மில்லிமீட்டரும் வெளியில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்.

கேள்வி: பழைய பெட்டியை என்ன செய்வது?

பதில்: சொந்தமானதென்றால், புதிது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை அப்படியே எடுத்துவையுங்கள், ரீசெட் செய்ய வேண்டாம். திரும்பிப்போக வழி வேண்டுமே. அதன் பிறகு யாருக்காவது கொடுப்பதானால் ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள். உள்ளே உங்கள் யூசர்நேமும் வைஃபை பாஸ்வேர்டும் இருக்கின்றன.

நிறுவனத்துடையது என்றால் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள். அந்த எண் உங்கள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டதா என்று அடுத்த பில்லில் பாருங்கள். நீக்காவிட்டால் வாடகை தொடர்ந்து ஏறும்.